சிமாங்கின் தகுதிகள்

என் அலுவலகத்துக்குக் கீழே ஒரு ரொட்டிக்கடை இருக்கிறது. அங்கே மாவு பிசைய வருகிறவனை ஆறு மாதம் பழக்கிய பிறகுதான் அடுப்புப் பக்கம் விடுகிறார்கள். வீடு விற்க வருகிறவனுக்குப் பன்னிரண்டு மணி நேரம் போதும் என்கிறது சட்டம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, அதிகாரி அவர்களே. முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். எனக்கு இதுதான் முதல்.

நான் ஒனொராதா பலினாஸ். வயது அறுபத்தொன்று. விதவை. இந்த இலோயிலோ நகரத்தில் இருபத்தேழு வருடமாக உரிமம் பெற்ற வீட்டுமனைத் தரகர். தரகர் என்றால் அரசாங்கப் பரீட்சை எழுதித் தேறியவர். எங்களுக்குக் கீழே விற்பனையாளர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. அவர்களுக்குப் பரீட்சை கிடையாது. இரண்டு வருடம் ஏதாவது கல்லூரியில் உட்கார்ந்திருக்க வேண்டும். என்ன படித்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி வகுப்பு, அதிலும் பாதி நேரம் சிற்றுண்டி. குற்ற வழக்கு இல்லை என்று ஒரு சான்று, நல்ல நடத்தை உள்ளவர் என்று தெரிந்தவர் எழுதிக் கொடுக்கும் ஒரு தாள். கடைசியாக, 'இவர் என் பொறுப்பில் வேலை செய்வார்' என்று ஒரு தரகரின் கையெழுத்து. ஒரு தரகர் இருபது பேருக்குத்தான் அப்படிக் கையெழுத்துப் போடலாம். இருபது என்பதே என்னைக் கேட்டால் அதிகம்.

என்னிடம் பத்தொன்பது பேர் இருந்தார்கள். எல்லாரும் முழுத் தகுதி பெற்றவர்கள். உதாரணத்துக்கு ஜோவென். பெயருக்கு இளைஞன் என்று பொருள். ஆளுக்கு ஐம்பத்திரண்டு வயது. இரண்டு கையிலும் மோதிரம், அறைக்குள் வருவதற்கு முன்னால் அவனுடைய வாசனைத் தைலம் வந்துவிடும். ஒரு பத்திரத்தைக் கூட அவன் கடைசிப் பக்கம் வரை படித்து நான் பார்த்ததில்லை. ஒரு தடவை சமையலறையே கட்டி முடிக்காத வீட்டை ஒரு குடும்பத்துக்கு விற்றுவிட்டு வந்தான். கேட்டால், "அவங்க கேக்கலையே மேடம்" என்றான். சட்டத்தின் கண்ணில் அவன் தகுதியானவன். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் நான் இங்கே வந்து உட்கார்ந்திருப்பதே அவனால்தான்.

சிமாங் என் சமையற்காரி. முழுப் பெயர் துல்சிமா பபலாத்தே. உங்கள் கோப்பில் பபலாதா என்று தப்பாக எழுதியிருக்கிறீர்கள். பதினோரு வருடம் என் வீட்டில் இருந்தாள். துவரையும் பன்றிக்கறியும் பலாக்காயும் போட்டு எல்லா வீட்டிலும் குழம்பு வைக்கிறார்கள். அவள் வைத்தது வேறு. அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. முப்பத்திரண்டு வயதில் ஒரு நாள், மாலைக் கல்லூரியில் சேரட்டுமா என்று கேட்டாள். சேர்ந்துகொள் என்றேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி லொரெத்தா, அதாவது அவளுடைய தங்கை, என்னென்னவோ சொல்லியிருப்பாள். படிக்க அனுமதி கொடுத்தது நான்தான்.

அவள் எதற்குப் படிக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. பொழுதுபோக்கு என்று நினைத்தேன்.

லாஸ் பால்மாஸ் மனைகளைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். ஆற்றோரத்தில் இருக்கிறது. நல்ல இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்ததும், சௌதியிலிருந்து திரும்பிய ஒரு தாதியும் அவள் கணவரும் மனை பார்க்க வந்தார்கள். தியாகோ என்று குடும்பப் பெயர். நான் வாடிக்கையாளர்களுக்கு மனையிலேயே சாப்பாடு போடுவது வழக்கம். வயிறு நிறைந்தவர்கள் குறைவாகக் கேள்வி கேட்பார்கள். அதனால் சிமாங் பாத்திரங்களோடு வந்திருந்தாள்.

அந்தப் பெண் என்னிடம், "இங்க தண்ணி ஏறுமா மேடம்?" என்று கேட்டாள்.

"இருபத்தேழு வருஷமா விக்கிறேன்மா. தண்ணி ஏறுற எடத்தை நான் வித்ததே இல்லை" என்றேன்.

சோறு போட்டுக்கொண்டிருந்த சிமாங் கரண்டியால் மின்கம்பத்தைக் காட்டினாள். "அக்கா, அந்தக் கம்பத்துல கறை படிஞ்ச மாதிரி ஒரு கோடு தெரியுது பாருங்க. அது போன வருஷப் புயல். அதுக்கு மேல லேசா இன்னொண்ணு இருக்கு. அது அதுக்கு முந்தினது."

கணவர் எழுந்து போய்க் கம்பத்தின் பக்கத்தில் நின்று பார்த்தார். "எனக்கு நெஞ்சு வரைக்கும் வருதே!"

"நீங்க உயரம் சார். அக்காவுக்குக் கழுத்து."

அவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். சாப்பாடு பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் ஜீப்னி வண்டியில் உட்கார்ந்து அவளிடம் அமைதியாகத்தான் கேட்டேன். "ஏன் சொன்னே?"

"கேட்டாங்களே மேடம்."

"உன்னைக் கேக்கலையே."

"பன்னண்டு வருஷம் பாலைவனத்துல ஊசி போட்டு வந்திருக்காங்க மேடம். மீன் வளர்க்கவா வீடு வாங்குவாங்க?"

ஜீப்னியில் எதிரே இருந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் கோபப்படவில்லை. எனக்குக் கோபம் வருவதில்லை. என் கணவரே இதைப் பலமுறை குறையாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒன்றை யோசித்தேன். வாயை மூடத் தெரியாத ஒருத்தி எந்தத் தொழிலுக்குத் தகுதியற்றவள் என்று கேட்டால், முதலில் எங்கள் தொழிலைத்தான் சொல்வேன். சட்டத்தில் அப்படி ஒரு விதி இல்லை. சட்டம் எழுதியவர்கள் வீடு விற்றவர்கள் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தியாகோ தம்பதி என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். என்னைப் பார்க்க அல்ல. சமையற்கட்டுப் பக்கமாகப் போய், தங்களுக்கு ஒரு வீடு பார்த்துக் கொடுக்கும்படி சிமாங்கைக் கேட்டார்கள். உரிமம் இல்லாமல் அதைச் செய்யக்கூடாது என்று அவள் அவர்களிடம் சொன்னதாகப் பிறகு அறிந்தேன். அவர்களை எங்கள் தெருவின் மறுமுனையில் இருக்கும் சர்ரோசாவிடம் அனுப்பிவைத்தாள். சர்ரோசாவும் தரகர்தான். சட்டையைக் கால்சட்டைக்குள் விடத் தெரியாத மனிதர். 'அவ கண்ணு மாதிரி கண்ணு என்கிட்ட இருந்தா இந்நேரம் நான் பாதி ஊரை வித்திருப்பேன்' என்று அவர் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார். பாதி ஊரை விற்காததற்குக் காரணம் கண் இல்லை, சட்டை என்று எனக்குத் தோன்றியது.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சிமாங் என் அலுவலகத்துக்கு வந்தாள். அலுவலகத்துக்கு அவள் அதற்கு முன் எத்தனையோ முறை வந்திருக்கிறாள், சாப்பாட்டுக் கூடையோடு. அன்று கையில் ஒரு கோப்பு. வந்தவள் என் மேசைக்கு எதிரே, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் உட்காரச் சொல்லவில்லை. இதை நான் பெரிதுபடுத்தவில்லை. விவரமாகச் சொல்லுங்கள் என்றீர்களே, அதனால் சொல்கிறேன்.

"மேடம், எனக்கு விற்பனையாளர் உரிமம் வாங்கணும். ரெண்டு வருஷப் படிப்பு முடிஞ்சிருச்சு. அடுத்த மாசம் பயிற்சி வகுப்பு. உங்ககிட்ட பத்தொம்பது பேருதானே இருக்காங்க?"

"இருபதாவது எடத்தை வச்சிருக்கேன்."

"யாருக்கு மேடம்?"

"தகுதியானவங்க வருவாங்க."

அவள் முகம் வாடியிருந்தால் எனக்கு ஒருவேளை திருப்தியாக இருந்திருக்கும், நடந்ததெல்லாம் நடந்திருக்காது. அவள் தலையை ஆட்டிச் சிரித்தாள். "சரி மேடம். சர்ரோசா சார் கையெழுத்துப் போடறேன்னு முன்னாலேயே சொல்லிட்டாரு. உங்ககிட்ட முதல்ல கேக்கறதுதான் மரியாதைன்னு வந்தேன். நடத்தைச் சான்று மட்டும் நீங்க குடுங்க. பதினோரு வருஷமா உங்க வீட்டுலதானே இருக்கேன். வேற யாருக்கு என்னைத் தெரியும்?"

கொடுத்தேன். ஜோவெனைக் கூப்பிட்டுத் தட்டச்சு செய்யச் சொன்னேன். வாசகம் என்னுடையது: 'உழைப்பாளி, நேர்மையானவர், இத்தனை வருடத்தில் என் வீட்டிலிருந்து ஒரு தேக்கரண்டி கூடக் காணாமல் போனதில்லை.' படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். ஜோவென் எழுதிக் கொண்டுவந்ததைப் படிக்காமல் போட்டுவிட்டேன் என்று பிறகு அரசு வழக்கறிஞரிடம் நான் சொன்னது பொய். அந்தத் தாளில் இருப்பதெல்லாம் உண்மை. அதில் பொய் எழுதியிருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் ஒரு தரகர் தன் கைப்படப் பொய்ச்சான்று கொடுக்கக்கூடாது. அந்த விஷயத்தில் நான் கண்டிப்பு.

பயிற்சி வகுப்பு ஒரு விடுதிக் கூடத்தில் நடந்தது. இரண்டு நாள். இரண்டாம் நாள் மதியம் தொழில் ஒழுக்கம் பற்றிய வகுப்பு என்னுடையது. ஒன்பது வருடமாக நான்தான் எடுக்கிறேன். சிமாங் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நீல நிறச் சட்டை. நான் கொடுத்த பழைய சட்டைதான், ஆனால் அவள் அதை இடுப்பில் பிடித்துத் தைத்திருந்தாள், எனக்கு இருந்ததைவிட அவளுக்கு நன்றாக இருந்தது.

கணினியை இணைப்பதற்காக என்னோடு வந்திருந்த ஜோவென் அவளைப் பார்த்து உரக்கக் கேட்டான். "அடுப்பை அணைச்சுட்டு வந்தியா சிமாங்?"

"அணைச்சுட்டேன் அண்ணே. நீங்க வித்த வீட்டுக்காரங்கதான் இன்னும் அடுப்பு வைக்க எடம் தேடிக்கிட்டு இருக்காங்களாம்."

அறுபது பேர் சிரித்தார்கள். சத்தம் அடங்கியதும் அவள் கையைத் தூக்கினாள். எழுந்து நின்று, மிகவும் பணிவாக, என்னிடம் கேட்டாள்: "மேடம், ஒரு எடத்துல குறை இருக்குன்னு நமக்குத் தெரியும், வாங்கறவங்களுக்குத் தெரியாது. நாமளா சொல்லணுமா, இல்ல அவங்க கேட்டாத்தான் சொல்லணுமா?"

கூடத்தில் பாதிப் பேருக்கு லாஸ் பால்மாஸ் கதை தெரியும். சின்ன ஊர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நாமாகவே சொல்ல வேண்டும்" என்றேன். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். என்னைக் குத்திக்காட்ட அவள் கேட்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை... பொறுக்கவில்லை என்று போடாதீர்கள். அது எனக்கு அசௌகரியமாக இருந்தது.

இனி குற்ற வழக்கு இல்லை என்ற சான்று ஒன்றுதான் பாக்கி. அதற்கு விண்ணப்பித்துவிட்டு வந்த அன்று, மீன் அலசிக்கொண்டே சொன்னாள். "எம் பேருக்கு ஹிட் இருக்காம் மேடம்."

"என்ன ஹிட்?"

"இதே பேருல வேற யாரோ மேல எங்கேயோ திருட்டு வழக்கு இருக்காம். அது நான்தானான்னு பாத்துட்டு ஒரு வாரத்துல சொல்லுவாங்களாம். என் வாழ்க்கையில எனக்கு ஒரு ஹிட்டு வந்துச்சு பாருங்க, அதுவும் அடுத்தவ பாட்டு."

அந்த ஒரு வாரம் நான் நன்றாகத் தூங்கினேன். என் முயற்சி எதுவுமில்லாமல், யாருக்கும் கெடுதல் இல்லாமல், ஒரு பெயர்ப் பொருத்தத்தால் காரியம் முடிந்துவிடும் என்று இருந்தது. எட்டாம் நாள் அவள் கையில் சான்றோடு வந்தாள். சுத்தம். வாழையிலை வைத்துச் சுட்ட அரிசிப் பணியாரம் ஒரு தட்டு நிறைய வாங்கிக்கொண்டு வந்து தெருவில் ஒரு வீடு விடாமல் கொடுத்தாள். எனக்குத்தான் முதல் துண்டு. சூடாக இருந்தது.

மறுநாள் அவள் சந்தைக்குப் போன நேரத்தில் என் நகைப்பெட்டியைத் திறந்தேன். என் மாமியார் எனக்கு விட்டுப்போன வைரத் தோடு ஒரு ஜோடி. ஒன்றை எடுத்துப்போய் சிமாங்கின் அறையில், அவள் கல்லூரிப் புத்தகங்கள் இருந்த தகரப் பெட்டியில், துணிக்கு அடியில் வைத்தேன். மற்றதை அலுவலகத்தில் யாரும் உபயோகிக்காத ஒரு பழைய மேசையின் இழுப்பறையில், பின்பக்கமாகத் தள்ளி வைத்தேன். ஏன் ஒன்று மட்டும் என்று நீங்கள் கேட்கலாம். இரண்டும் அவள் பெட்டியில் அகப்பட்டால், பொருள் முழுதாகத் திரும்பிவிட்டதே, போகட்டும் என்று ஆகிவிடும். ஒன்று அகப்பட்டு ஒன்று தொலைந்தால்தான், தொலைந்ததை விற்றுவிட்டாள் என்று தானாகப் புரியும். இந்த மாதிரி விஷயங்களை யோசிக்கப் பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி போதாது.

எனக்கு வேண்டியிருந்தது ஒரு ஹிட், அவ்வளவுதான். ஒரு புகார் பதிவானால் அவள் பெயரில் ஏதோ ஒன்று நிற்கும், உரிமம் தள்ளிப்போகும், அவள் திரும்ப அடுப்புக்கு வருவாள். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் பரீட்சை எழுதியவள், அதிகாரி அவர்களே. வீட்டு வேலை செய்கிறவர் எஜமானரிடம் திருடினால் நம் சட்டத்தில் தண்டனை இரண்டு படி ஏறும் என்பதும், அந்தத் தோட்டின் மதிப்புக்கு ஜாமீன் சுலபத்தில் கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். உங்கள் வேலைக்கு என்னென்ன தகுதி கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

போலீஸ்காரர்கள் வந்தபோது அவள் பலாக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் பால். பெட்டியைத் திறந்து தோட்டை எடுத்ததும் அவள் என்னைத்தான் பார்த்தாள், போலீஸ்காரர்களைப் பார்க்கவில்லை.

"மேடம், சொல்லுங்க இவங்ககிட்ட. நீங்க எழுதிக்கூடக் குடுத்திருக்கீங்களே."

"போயிட்டு வா. விசாரிச்சுட்டு விட்டுடுவாங்க" என்றேன்.

"அடுப்புல அரிசி இருக்கு மேடம். குழைஞ்சிரும்" என்றாள். அதுதான் என் வீட்டில் அவள் கடைசியாகச் சொன்னது. நான் போய் இறக்கினேன். குழைந்துதான் போயிருந்தது.

வழக்கு என்றால் தேதி. முதல் தேதிக்கு நான் போகவில்லை, உண்மையிலேயே காய்ச்சல். புகார் கொடுத்தவர் வராததால் தள்ளிவைத்தார்கள். ஒரு தாள் அனுப்பினால் இரண்டு மாதம் தள்ளிப்போகிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். இரண்டாம் தேதிக்கு முதுகுவலி. மூன்றாவதற்கு மணிலாவில் ஒரு கருத்தரங்கு. அப்படி ஆறு முறை. எனக்குச் சான்று எழுதிய மருத்துவருக்கு நான்தான் வீடு விற்றேன். நேரில் போனால் சாட்சி சொல்ல வேண்டும், அவளுடைய வழக்கறிஞர் அந்த நடத்தைச் சான்றைக் காட்டிக் கேட்பார், வழக்கு நிற்காது. நான் போகாதவரை வழக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அவள் குற்றவாளியாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. அவள் அங்கேயே இருந்தால் போதும்.

பதினாலு மாதம் இருந்தாள். பதினைந்து பேர் படுக்கிற அறையில் எழுபது பேர் என்று லொரெத்தா வந்து வாசலில் நின்று கத்தினாள். மீன் விற்கிறவள், குரல் பெரிது. "உங்க தோடு போனா போகட்டும், அதுக்கு ஈடா எங்க வீட்டை எழுதி வாங்கிக்குங்க. எங்க அக்கா ரத்தமா இருமுது!" என்றாள். சட்டம் தன் வழியில் போகும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

இடையில் ஒன்று நடந்தது. அது லொரெத்தாவுக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. குற்ற வழக்கு இல்லை என்ற சான்று கைக்கு வந்த அன்றே சர்ரோசா அவளுடைய விண்ணப்பத்தை அனுப்பியிருந்தார். அனுப்பிய அன்று அவள் பெயரில் எந்த வழக்கும் இல்லை. வயது, படிப்பு, பயிற்சி, சான்று, கையெழுத்து எல்லாம் சரி. அதனால் பத்தாவது மாதத்தில் அவளுடைய அட்டை வந்தது. விண்ணப்பத்தில் அவள் கொடுத்திருந்த முகவரி என் வீடு. தபால்காரர் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். துல்சிமா பபலாத்தே, வீட்டுமனை விற்பனையாளர். நீலச் சட்டை போட்ட படம். அட்டை போட்டவர்கள் அவள் பெயரைச் சரியாக எழுதியிருந்தார்கள். எங்காவது ஒரு பிழை இருக்கும், திருப்பி அனுப்பலாம் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பலமுறை பார்த்தேன். ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை.

நான்கு மாதம் அது என் கைப்பையில் இருந்தது. பிறகு ஒரு வியாழக்கிழமை பகல், சிறைக்குப் போய் அவளைப் பார்த்தேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள், தெரியாது. கீழே ரொட்டிக்கடையில் கொஞ்சம் ரொட்டி வாங்கிக்கொண்டேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகத்தில் பல் மட்டும்தான் பழைய அளவில் இருந்தது.

"இளைச்சுட்டீங்களே மேடம். யாரு சமைக்கறா?" என்றாள் என்னிடம்.

யாரோ சமைக்கிறார்கள் என்றேன். அவள் ரொட்டியை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியைப் பின்னால் நின்ற யாருக்கோ கொடுத்தாள்.

"இங்க இருக்கறவங்களுக்கெல்லாம் வகுப்பு எடுக்கறேன் மேடம். வெளிய போயி வாடகைக்கு வீடு பாக்கும்போது சுவத்துல கோடு இருக்கான்னு பாருங்க, வீட்டுக்காரன் பேச்சைக் கேக்காதீங்கன்னு. நல்லாக் கேட்டுக்கறாங்க. உங்க வகுப்புல தூங்குன மாதிரி யாரும் தூங்கறதில்லை." சிரிக்கப் போய் இருமினாள். ரொம்ப நேரம் இருமினாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டாள். "மேடம், என் உரிமம் பத்தி ஏதாவது தபால் வந்துச்சா? உங்க விலாசம்தான் குடுத்திருந்தேன்."

கைப்பை என் மடியில் இருந்தது.

"வந்துச்சு. நிராகரிச்சுட்டாங்க" என்றேன்.

"காரணம் போட்டிருந்தாங்களா?"

"நடத்தை சரியில்லைன்னு."

"நீங்க எழுதிக் குடுத்த தாளு கூடப் போதலையா மேடம்?"

"போதலை போல."

"அப்ப சரி" என்றாள். என்னிடம் தோட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் செய்தீர்கள் என்று கேட்டிருந்தால் நான் பதில் தயாராக வைத்திருந்தேன்.

பதினோரு நாள் கழித்துச் செத்துப்போனாள். நுரையீரல் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். நான் பார்த்துவிட்டு வந்த அன்றிலிருந்து மாத்திரையை வாயில் வைத்துத் துப்பிவந்தாள் என்று உடன் இருந்தவர்கள் சொன்னதாக லொரெத்தா சொல்கிறாள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். செத்தவர் மேல் வழக்கு நடத்த முடியாது என்பதால் நீதிமன்றம் கோப்பை மூடிவிட்டது. குற்றம் நிரூபிக்கப்படாதவள் என்ற முறையில், இன்றைக்கும் அவள் பெயர் சுத்தம்தான்.

நான் அப்படியே விட்டிருப்பேன். சென்ற மாதம் லொரெத்தா அந்த நடத்தைச் சான்றை எடுத்துக்கொண்டு, இப்படி எழுதியவளே திருடி என்று புகார் கொடுப்பாளா என்று கேட்டு உங்களிடம் வந்தாள். நீங்கள் என் அலுவலகத்தைச் சோதனை போட்டீர்கள். பழைய மேசையின் இழுப்பறையில் மற்றொரு தோடு அகப்பட்டது. அந்த மேசையைச் சிமாங் போன பிறகு ஜோவெனுக்குக் கொடுத்திருந்தேன், அவனிடம் காகிதம் சேர்ந்துவிட்டது என்பதால். உடனே உங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜோவென் திருடினான், பழியைச் சமையற்காரி மேல் போட்டான், எஜமானியம்மாளிடம் படிக்காமல் கையெழுத்தும் வாங்கினான். பத்திரிகையில் 'சாமர்த்தியமான சதி' என்று போட்டார்கள். அவன் படம் போட்டிருந்தார்கள், மோதிரத்தோடு.

அவன் அழுதுகொண்டே என்னிடம் வந்தான். "மேடம், நீங்களாவது நம்புங்க, நான் அந்த இழுப்பறையை ஒருநாள் கூட முழுசாத் திறந்ததில்லை" என்றான். நம்பினேன். அவன் எதையும் முழுதாகத் திறந்ததில்லை.

பதினாலு மாதம் ஒரு விஷயத்தைக் கலையாமல் நடத்துவது என்றால் என்னவென்று ஜோவெனுக்குத் தெரியுமா? எந்தத் தேதிக்கு என்ன நோய் என்று அவன் நினைவு வைத்திருப்பானா? ஒரு வாசகத்தை நாலு இடத்தில் ஒரே மாதிரி சொல்ல அவனால் முடியுமா? இதை அவன் செய்ததாக ஊர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அதனால்தான் காலையில் முதல் ஆளாக வந்து உங்கள் வாசலில் நின்றேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். தோட்டை வைத்தது நான். பொய்ப் புகார் கொடுத்தது நான். காய்ச்சல் வந்த முதல் தேதியைத் தவிர மற்ற ஐந்துக்கும் வேண்டுமென்றே போகாதது நான். அட்டை வந்ததை மறைத்து, நிராகரித்தார்கள் என்று சொன்னது நான். அதைச் சொன்னால் அவளுக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் சொன்னேன். அட்டை இதோ. மேசையில் வைக்கிறேன், ஓரத்தைப் பிடித்து எடுங்கள், படத்தில் கை படவேண்டாம்.

நீங்கள் அச்செடுத்துக் கொடுத்த நாலு பக்கத்தையும் படித்துவிட்டேன். பொதுவாக நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன். மூன்றாம் பக்கத்தில் மட்டும் ஒரு திருத்தம். 'பொறாமையினால்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். ஒரு சமையற்காரியிடம் எனக்கு என்ன பொறாமை.